முகப்பேரில் ஒரு தங்கச் சுரங்கம்!

'பயணக் கட்டுரை ஒண்ணு எழுதுங்களேன்' என்று ஆசிரியர் போனில் சொன்னதும், சுவிட்சர்லாந்து பனிமலை, அதன்மேல் கம்பளி குல்லாவோடு அடியேன், பக்கத்தில் தர்மபத்தினி என்று ஒரு முழு வண்ணப்படம் மனசுக்குள் ஓடியது. 'செலவு உங்களுது' என்று அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். பனிமலை உருகிவிட்டது.

ஆகவே வாசகர்களே, இந்தக் கட்டுரையில் நாம் போகிற தூரம் மொத்தம் 36 படிகள். முகப்பேர் மேற்கில் நான் குடியிருக்கிற பிளாக்கின் இரண்டாவது மாடியிலிருந்து தரைத்தளம் வரை. டிக்கெட் கிடையாது, விசா கிடையாது. லிஃப்ட்டும் கிடையாது. ஆனால், இறங்கி முடிப்பதற்குள் இங்கிலாந்து, மெக்ஸிகோ, கோலார் மூன்றையும் பார்த்துவிடுவீர்கள். அதற்கு நான் உத்தரவாதம்.

முதலில் ஊரைப் பற்றி நாலு வார்த்தை. முகப்பேரின் பழைய பெயர் மகப்பேறு என்பார்கள். இங்கே சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. குழந்தை வரம் வேண்டி தம்பதிகள் வருவார்கள். மகப்பேறு தேய்ந்து முகப்பேர் ஆனது என்பது ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கணக்கு. அப்புறம் வீட்டு வசதி வாரியம் வந்தது. மனை, பிளாக், ஜெ.ஜெ. நகர் கிழக்கு, மேற்கு என்று ஊர் பெருத்தது. 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்றே ஒரு பகுதி உண்டு. ஏரி போய், திட்டம் நின்றது. பெரிய மழை பெய்தால் மட்டும் ஏரி தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வரும்.

1964-ல் ஆரம்பித்த அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால், வேலை தேடி வந்தவர்கள் எல்லாரும் சுற்றிலும் குடியேறினார்கள். திருநெல்வேலி, பாலக்காடு, நெல்லூர், வேலூர்... 'நமக்கு சொந்த ஊர் எது?' என்று கேட்டால் இங்கே ஒருத்தரும் முகப்பேர் என்று சொல்ல மாட்டார்கள். 2011-ல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து நாங்களும் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டோம். இருந்தாலும் பாரிமுனைக்குக் கிளம்புகிறவர் இன்னமும் 'மெட்ராஸுக்குப் போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்கிறார்.

சரி, படி இறங்குவோம்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கினால், முதல் மாடி தாண்டும்போதே வெண்ணெய் வேகிற வாசனை வரும். அதற்குள்ளே மிளகு. அதற்கும் உள்ளே ஆட்டுக்கறி. அந்த வாசனை புறப்படுகிற இடம் தரைத்தளத்து ஆன்டி வீடு. ஆன்டிக்கு வயசு எழுபதை நெருங்குகிறது. சொந்த ஊர் கே.ஜி.எஃப்.!

கே.ஜி.எஃப். என்றதும் தாடி வைத்த ஹீரோ சுத்தியலோடு வருகிற சினிமாதான் உங்களுக்கு ஞாபகம் வரும். ஆன்டிக்கு ஞாபகம் வருவது சுரங்கத்துச் சங்கு சத்தம், வெள்ளை வெளேரென்று நிற்கும் சயனைடு மண் மேடு, அப்புறம் 'பாஸ்டி'.

"பேஸ்ட்ரியா ஆன்டி?" என்று முதல் நாள் கேட்டேன்.

"இல்ல தம்பி. பாஸ்டி."

"பாஸ்தாவா?"

"நீ முதல்ல சாப்பிடு. அப்புறம் பேரு கேளு."

சாப்பிட்டேன். அரை வட்ட வடிவம். நம் தீபாவளி சோமாஸுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. ஓரம் கயிறு முறுக்கினாற்போல் மடிப்பு மடிப்பாக. எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் வேக வைத்தது. கடித்தால் மேல்மாவு மொறுமொறுவென்று உதிர்ந்து, உள்ளே உருளைக்கிழங்கு, வெங்காயம், நூக்கல், மிளகு போட்ட கறி. ஒன்று சாப்பிட்டால் ராத்திரி சாப்பாடு வேண்டாம். (நான் மூன்று சாப்பிட்டுவிட்டு ராத்திரியும் சாப்பிட்டேன். அது வேறு கதை.)

இந்தப் பாஸ்டியின் பூர்வீகம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, கார்ன்வால். தகரச் சுரங்கத் தொழிலாளிகளின் கட்டுச்சோறு. காலையில் உள்ளே இறங்கினால் சாப்பாட்டுக்கு மேலே ஏறி வர முடியாது. தட்டு, ஸ்பூன், குழம்புக் கிண்ணம் எல்லாம் எடுத்துப் போகவும் வழியில்லை. மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீட் என்கிற ஒருவகை மஞ்சள் டர்னிப் எல்லாவற்றையும் பச்சையாகவே நறுக்கி, மாவுக்குள் வைத்து மூடி வேகவைத்துக் கொடுத்தார்கள். மாவுதான் டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடலாம். கழுவுகிற வேலை மிச்சம்! என் மனைவி இந்த ஒரு தகவலுக்காகவே கார்ன்வால்காரர்களுக்குச் சிலை வைக்கவேண்டும் என்கிறாள்.

இன்னொரு சமாசாரம். பாஸ்டியின் ஒரு மூலையில் அந்தந்த ஆளின் பெயரில் ஒரு எழுத்தை, மாவிலேயே கத்தரித்து ஒட்டிவிடுவார்களாம். பாதி தின்று வைத்துவிட்டு வேலைக்குப் போனாலும், திரும்பி வந்து 'இது என்னுது' என்று அடையாளம் கண்டுபிடிக்க. இந்த எழுத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் என் மானத்தை வாங்கப் போகிறது.

கார்ன்வால் எங்கே, கோலார் எங்கே? நடுவில் ஒரு கம்பெனி இருக்கிறது. ஜான் டெய்லர் என்கிற ஆங்கிலேயச் சுரங்க இன்ஜினீயர். 1824-ல் மெக்ஸிகோவில் ரியல் டெல் மோன்டே என்ற ஊரின் வெள்ளிச் சுரங்கத்துக்காக ஆரம்பித்த கம்பெனியில் இவர்தான் முக்கியப் புள்ளி. கார்ன்வால் தொழிலாளிகள் கப்பலேறி அங்கே போனார்கள். கூடவே பாஸ்டியும் போனது. அங்கே அதன் பெயர் 'பாஸ்தே'. மெக்ஸிகோக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மிளகாய் போட்டார்கள், பீன்ஸ் போட்டார்கள், அன்னாசிப்பழம் வரைக்கும் உள்ளே வைத்துவிட்டார்கள். வெள்ளிக்காரக் கம்பெனி 1849-ல் மூட்டை கட்டிவிட்டது. பாஸ்தே மட்டும் போகவில்லை. அந்த ஊரில் 2009-லிருந்து பாஸ்தேக்கென்றே திருவிழா நடத்துகிறார்கள்.

அதே ஜான் டெய்லரின் வாரிசுகள் நடத்திய 'ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்' கம்பெனிதான் 1880-ல் கோலார் தங்கவயலுக்கு வந்தது. மேற்பார்வைக்குக் கார்ன்வால்காரர்கள். அடியில் இறங்கி உடைப்பதற்கு வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் வந்துவிட்டது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் தோண்டினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களும் தோட்டங்களுமாக மேலே ஒரு குட்டி இங்கிலாந்து. கீழே நம் ஆட்கள்.

அப்படி ஒரு பங்களா சமையலறையில் வேலை பார்த்தவர் ஆன்டியின் பாட்டி. துரைசாணி செய்யச் சொன்ன பாஸ்டியைக் கற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்து தன் புருஷனுக்குச் செய்தார். துரைக்கு உப்பும் மிளகும் போதும். தாத்தாவுக்குப் போதவில்லை. பச்சை மிளகாயும் சீரகமும் உள்ளே புகுந்தது அந்த நாளில்தான். ஓரம் மடிக்கிற வேலையை பாட்டி யாரிடமும் கற்கவில்லையாம். "சோமாஸ் மடிக்கிற கைக்கு பாஸ்டி மடிக்கத் தெரியாதா தம்பி?" என்பார் ஆன்டி.

கார்ன்வாலில் கடைசித் தகரச் சுரங்கம் 1998-ல் மூடியது. கோலாரில் 2001 பிப்ரவரி 28. ஆன்டியின் கணவர் அந்தச் சுரங்கத்தில் மரச்சட்டம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. பங்காரப்பேட்டையில் ரயில் ஏறினார்கள். நாலு டிரங்க் பெட்டி, ஒரு தையல் மெஷின், பாட்டியின் பூரிக்கட்டை. அந்தப் பூரிக்கட்டை இன்னும் இருக்கிறது. நடுவில் தேய்ந்து, பிடிக்கிற இடத்தில் பளபளவென்று.

இப்போது அந்தக் கட்டையால் சனிக்கிழமைதோறும் நாற்பது, ஐம்பது பாஸ்டி பிறக்கிறது. அக்கம்பக்கத்தார் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். நான் பி.காம். என்பதால் கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. சம்பளம் வாரத்துக்கு இரண்டு பாஸ்டி. மார்க்கெட் நிலவரப்படி என் எழுத்துக்குக் கிடைப்பதைவிட இது அதிகம்.

செய்முறை கேட்கிற வாசகிகளுக்காக ஆன்டியின் கணக்கு: அரைக்கிலோ மைதாவுக்குக் கால் கிலோ வெண்ணெய், ஒரு ஸ்பூன் உப்பு. வெண்ணெய் கல் மாதிரி கெட்டியாக இருக்கவேண்டும். விரல் நுனியால் மாவோடு உதிர்த்து, ரொட்டித்தூள் மாதிரி ஆனதும் ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்க்கவேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் தோல் செருப்பு தயார். சென்னை வெயிலில் வெண்ணெய் உருகிவிடும் என்பதால் ஆன்டி மாவு பிசைவது காலை அஞ்சு மணிக்கு. பிசைந்ததைச் சுற்றி ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும். கார்ன்வாலில் கறியைப் பச்சையாக வைப்பார்கள். நம் ஊர் ஆட்டுக்கறி அந்த நேரத்துக்குள் வேகாது. அதனால் குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து, தண்ணீர் சுண்ட வதக்கி, நன்றாக ஆறவிட்டு உள்ளே வைக்கவேண்டும். சூட்டோடு வைத்தால் மாவு அழுதுவிடும். மேலே ஆவி போக ஒரு கீறல். முட்டையைத் தடவி, 200 டிகிரியில் இருபது நிமிஷம், 170-ல் இன்னொரு இருபத்தஞ்சு நிமிஷம். அவ்வளவுதான்.

உள்ளே வைக்கிற சரக்கில்தான் முகப்பேர் விளையாடுகிறது. எங்கள் பிளாக்கில் ஊருக்கு ஒருவர் இருப்பதால், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஆன்டி எதற்கும் முகம் சுளிப்பதில்லை. மிளகுச் சுக்கா வந்தது, அமோகம். கொத்துக்கறியும் பட்டாணியும்; பிள்ளைகள் கட்சி. சுறாப்புட்டு, இதற்கென்றே பிறந்தது போல பொலபொலவென்று உட்கார்ந்தது. நெத்திலிக் கருவாடும் மாங்காயும் வெந்த அன்று மூன்று பிளாக் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. மறு வாரம் அதே ஜன்னல்களிலிருந்து, 'எனக்கு அஞ்சு' என்று ஆர்டர் வந்தது. அடியேன் யோசனையில் உதித்தது மீன்குழம்பு பாஸ்டி. அது ஓவனுக்குள்ளேயே வெடித்து, குழம்பு கம்பி வழியாக ஓடி, நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓவன் தேய்த்தேன். ஒரு முனையில் கறி, மறுமுனையில் ஜாம் என்று வைக்கிற வழக்கம் கார்ன்வாலில் இருந்ததாகச் சொல்வார்கள். ஆன்டி தீபாவளிக்கு மட்டும், ஒரு முனையில் சுக்கா, நடுவில் மாவால் ஒரு சுவர், மறுமுனையில் தேங்காய், பொட்டுக்கடலை, ஏலக்காய் போட்ட சோமாஸ் பூரணம் வைப்பார். கார்ன்வாலும் கோலாரும் கைகுலுக்கும் இடம் அது.

2011-ல் ஐரோப்பாவில் கார்ன்வால் பாஸ்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். கார்ன்வாலில் செய்திருக்கவேண்டும், மாட்டுக்கறி 12.5 சதவீதமாவது இருக்கவேண்டும், ஓரத்தில்தான் மடிப்பு வரவேண்டும் என்றெல்லாம் சட்டம். 'அப்ப நம்முளுது என்ன ஆன்டி?' என்றேன். "முகப்பேர் பாஸ்டின்னு எழுதிக்கோ" என்றார். கணக்கு நோட்டில் அப்படியே இருக்கிறது.

மெனு பெருகினதும் எது என்ன என்று தெரியவேண்டுமே? பாட்டி காலத்து எழுத்து திரும்பி வந்தது. ஆன்டி இங்கிலீஷ் எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். அடியேனுக்குத்தான் தமிழ்ப்பற்று பொங்கியது. 'இனி தமிழ் எழுத்துதான் ஆன்டி. நானே வெட்டி ஒட்டறேன்' என்று கத்தரியை வாங்கிக்கொண்டேன். கருவாட்டுக்கு 'க'. கொத்துக்கறிக்கு 'கொ'. கீரைக்கு 'கீ'.

இந்தக் 'கீ' யாருக்கு என்று சொல்லவேண்டும். மூன்றாவது மாடி மாமா வீடு சுத்த சைவம். மாமி எங்கள் ஆன்டி வீட்டில் தண்ணீரோடு சரி. அது அவர் கொள்கை, ஆன்டிக்கும் அதில் வருத்தமில்லை. மாமாவும் பேரப்பிள்ளைகளும் முருங்கைக்கீரை-உருளைக்கிழங்கு பாஸ்டிக்கு அடிமை. அதற்கென்று ஆன்டி தனிப் பலகை, தனித் தட்டு, தனிக் கத்தி வைத்திருக்கிறார். மேலே முட்டைக்குப் பதில் பால் தடவுவார். ஓவனைத் துடைத்து, முதலில் கீரை. அது வெளியே வந்த பிறகுதான் கறி. இந்த வரிசை மாறியதே இல்லை.

போன வருஷம் மாமாவின் பேத்திக்குப் பிறந்தநாள். இருபது கீரை பாஸ்டி ஆர்டர். அன்று மதியம் ஆன்டிக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. 'எல்லாம் மடிச்சு வச்சுட்டேன் தம்பி. எழுத்து ஒட்டிட்டு, கீரையை மட்டும் வேகப் போடு. மத்தது நான் வந்து பார்த்துக்கறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். பி.காம். மூளை என்ன செய்தது தெரியுமா? 'தனித்தனியா போட்டா கரண்ட் ரெண்டு மடங்கு. ஒரே தடவையா போட்டா பாதி.' மேல் கம்பியில் இருபது கீரை. கீழ்க் கம்பியில் இருபது கறியும் கருவாடும். பாதி வேக்காட்டில் மேலும் கீழும் மாற்றி, ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு நகர்த்தி... ஏதோ பெரிய பேக்கரி மாஸ்டர் மாதிரி.

ஆன்டி திரும்பி வந்து ஓவனைத் திறந்தார். நாற்பது பாஸ்டி. பொன்னிறம். நாற்பதிலும் ஒரே எழுத்து. 'க'!

மெல்லிசாக வெட்டி, வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டியிருந்தேன். சூட்டில் 'கீ'யின் சுழி கழன்றுவிட்டது. 'கொ' என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? ஆட்டுக்கு மட்டுமா, எழுத்துக்கும் கொம்பும் காலும் போய்விட்டது!

மணி நாலரை. பார்ட்டி அஞ்சரைக்கு.

"ஆன்டி, முகர்ந்து பார்த்தாலே தெரியுது. இது கீரை, இது கறி. பிரிச்சுடலாம்" என்றேன்.

ஆன்டி பேசவில்லை.

"ஒண்ணோ ரெண்டோ சந்தேகமா இருந்தா அதை எடுத்துடலாம். மிச்சத்தை... சாப்பிடறவங்களுக்குத் தெரியவா போகுது?"

ஆன்டி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தெரியாதுங்கறதுக்காகத்தான் தம்பி எழுத்து போடறோம்."

அவ்வளவுதான் சொன்னார். கையைக் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, முட்டிவலியோடு மூன்று மாடி ஏறினார். பின்னாலேயே நானும். மாமா கதவைத் திறந்தார். உள்ளே பலூன், கலர் காகிதம்.

"உங்க ஆர்டர் இன்னிக்கு இல்லீங்க. கறியோட ஒரே ஓவன்ல வெந்துடுச்சு. ஒண்ணோட ஒண்ணு கலந்தும் போச்சு. என் வீட்டுத் தப்பு" என்றார். 'இவன் செய்தான்' என்று கையைக்கூட நீட்டவில்லை. நான்தான் 'என்னாலதான் மாமா' என்று முணுமுணுத்தேன்.

மாமா கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "நல்லவேளை சொன்னேள். இந்த வயசுல எனக்கு ருசி கண்டுபோச்சுன்னா, மாமிக்கு யார் பதில் சொல்றது?"

உள்ளேயிருந்து மாமியின் குரல்: "அவாளை உட்காரச் சொல்லுங்கோ. காபி கலக்கறேன்." பதினைந்து நிமிஷத்தில் மாமி பஜ்ஜி போட ஆரம்பித்துவிட்டார். வாழைக்காய் நறுக்கிக் கொடுத்தது அடியேன். கத்தியைத் தவிர வேறெதையும் என்னிடம் கொடுக்க அன்றைக்கு யாரும் தயாராக இல்லை.

நாற்பது பாஸ்டியும் வாட்ச்மேன், பெருக்கும் அம்மா, எதிர் பிளாக்கில் பெயின்ட் அடித்த பையன்கள் என்று, 'உள்ளே கறியும் இருக்கலாம், கருவாடும் இருக்கலாம்' என்று சொல்லிச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. ஒரு பைசா வாங்கவில்லை. நஷ்டத்தை நான் தருகிறேன் என்றேன். "நோட்டுல எழுதிக்கோ. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன்" என்றார் ஆன்டி. எழுதியிருக்கிறேன். கல்லூரியில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்தைப் பற்றி மூன்று வருஷம் படித்தேன். அதற்கு எவ்வளவு விலை, எப்படிக் கணக்கு வைப்பது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பாக்கெட் உணவுகளில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் என்று அரசாங்கம் அடையாளம் வைத்திருக்கிறது. எங்கள் பிளாக்கில் இப்போது அதைவிடச் சுலபம். கீரை பாஸ்டி சதுரம். எழுத்து உதிர்ந்தாலும் மூலை உதிராது. மற்றதற்கெல்லாம் எழுத்து உண்டு. முட்டை வெள்ளைக்கரு தொட்டு, கனமாக வெட்டி ஒட்டுகிறேன். கொம்பு, கால் எல்லாம் பத்திரம்.

ஒன்று மட்டும் நான் வெட்டாத எழுத்து. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பாஸ்டியில் ஆன்டி தன் கையாலேயே 'ஜெ' என்று ஒட்டுவார். ஊர்ப் பற்று, ஜெ.ஜெ. நகர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் பேரு தம்பி. சுரங்கத்துக்கு எடுத்துட்டுப் போறப்ப போட்ட எழுத்து. அவர் போயி எட்டு வருஷம் ஆச்சு. கை நிக்க மாட்டேங்குது."

"அப்ப அதை யாரு சாப்பிடறது?"

"சூடா எடுத்து வச்சதும் யாரு முதல்ல கதவைத் தட்டறாங்களோ, அவங்களுக்கு. கேஸ் சிலிண்டர் பையன் வருவான், கூரியர்காரர் வருவார். பசியோட வர்றவங்கதானே கதவைத் தட்டறாங்க."

சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் பிளாக் பக்கம் வந்தால், வாசனை பிடித்து வந்து தட்டிப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு முன்னால் 36 படி இறங்கி ஒருத்தன் அங்கே நின்றுகொண்டிருப்பான். கையில் கணக்கு நோட்டு இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்; அவனும் பசியோடு வந்தவன்தான்!